அம்மாவுக்கு ஃபெடரல் கோர்ட்டிலிருந்து ஜூரி படிவம்: யாருக்காவது அனுபவம் உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். டாலஸில் இருக்கிறோம். அம்மாவுக்கு டெக்சாஸ் வடக்கு மாவட்ட ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்திலிருந்து ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) தகுதிப் படிவம் வந்திருக்கிறது. டெக்சாஸுக்கு மட்டும் இப்படி நான்கு நீதிமன்ற மாவட்டங்கள், நாடு முழுக்க 94. சாட்சி, ஜூரி எல்லாம் இந்த அடித்தட்டில்தான். மேலே உள்ள 13 அப்பீல் நீதிமன்றங்களில் ஜூரியே கிடையாது. வழக்கமாக மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்பார்கள்.

அம்மா 50 வயதைத் தாண்டி, கிரீன் கார்டில் 20 வருடம் முடிந்த பிறகு விண்ணப்பித்தவர். அதனால் குடியுரிமை நேர்காணலைத் தமிழிலேயே முடித்தார். ஆனால் ஜூரராக இருக்க ஆங்கிலம் பேசவும் படிவத்தை நிரப்பும் அளவுக்கு எழுதவும் தெரிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. (குடியுரிமைக்குத் தேவைப்படாத ஆங்கிலம் இதற்கு வேண்டுமாம்!) படிவத்தைப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். இன்னொருவர் நிரப்பலாம், ஆனால் காரணத்தைக் குறிப்பிட வேண்டும்.

நான் நிரப்பி, 'ஆங்கிலம் போதாது' என்று எழுதினால் போதுமா? அல்லது நேரில் வரச் சொல்வார்களா? இங்கே யாராவது பெற்றோருக்காக இதைச் செய்திருந்தால் சொல்லுங்கள். அப்புறம், மொழிபெயர்ப்பாளர் தருவார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது வழக்கில் சிக்கியவர்களுக்கும் சாட்சிகளுக்கும்தானே?