குட்டிக் கரப்பான் தொல்லை: ஜெல் வச்சும் குறையல, உதவி பண்ணுங்க

மழைமேகம்
வணக்கம் நட்புகளே. ராத்திரி தண்ணி குடிக்கப் போய் கிச்சன் லைட்டைப் போட்டா போதும், அடுப்பு மேடையில நாலா பக்கமும் சிதறி ஓடுதுங்க. பெருசு இல்ல, எல்லாமே பொடிசு, வெளிர் பழுப்பு நிறம். ஸ்ப்ரே அடிச்சா அப்போதைக்கு நாலு சாகுது, ரெண்டு நாள்ல பழைய கதைதான். போன வாரம் சிரிஞ்சில வர்ற ஜெல் வாங்கி அலமாரி ஓரமெல்லாம் வச்சேன். அதுக்கப்புறம் பட்டப்பகல்லயே வெளிய நடமாடுது! கூடிருச்சா, குறையுதான்னே புரியல. தவழுற குழந்தை இருக்கு, அதனால கண்ட பவுடரையும் தூவ பயமா இருக்கு.

தென்றல்
பிரிஞ்சி இலை, கிராம்பு போட்டு வைங்க சகோ. வாசனைக்கு வராது.

ஓட்டைப்பேனா
இலை போட்ட டப்பாவை விட்டுட்டு பக்கத்து டப்பாவுக்குக் குடி போகும். வீட்டைக் காலி பண்ணாது 😀

கரிசல்
மழைமேகம், மூணு விஷயம் சொல்லுங்க. தலைக்குப் பின்னாடி முதுகுல ரெண்டு கருப்புக் கோடு நேரா ஓடுதா? ஜெல் வச்ச பிறகும் ஸ்ப்ரே அடிக்கிறீங்களா? பகல்ல வர்றது நல்லா ஓடுதா, தள்ளாடுதா?

மழைமேகம்
கோடு இருக்கு அண்ணா. ஒண்ணு ரெண்டுக்கு வால் பக்கம் பழுப்பா ஏதோ பை தொங்குது. ஸ்ப்ரே தினமும் படுக்கப் போறப்போ அடிக்கிறேன். பகல்ல வர்றது கொஞ்சம் மந்தமாத்தான் போகுது, சிலது மல்லாந்து கிடக்குது.

கரிசல்
அப்போ ஜெல் வேலை செய்யுது. மருந்து தின்னதுக்கு நரம்பு பாதிச்சு, ஒளியத் தெரியாம தடுமாறி வெளிய வரும்.

உங்க வீட்ல இருக்கிறது ஜெர்மன் கரப்பான். வளர்ந்ததே ஒன்றரை சென்டிமீட்டர்தான், ஆனா வீட்டுக்குள்ள வர்றதுல இதுதான் பொல்லாதது. அந்தப் பை முட்டைப்பை. ஒரு பைக்குள்ள 30, 40 முட்டை இருக்கும். பொரியுற நேரம் வரைக்கும் தாய் அதைச் சுமந்துக்கிட்டே இடுக்குல கிடக்கும், அதிகம் தின்னவும் வராது. அதனால முதல் வாரம் ஜெல் எவ்வளவு கொன்னாலும் அடுத்த கூட்டம் பொரிஞ்சு வரத்தான் செய்யும். சூடான இடத்துல ரெண்டு மாசத்துல குஞ்சு பெருசாகி அதுவும் முட்டை வைக்க ஆரம்பிக்கும். ஜெல்லை ஒருதரம் வச்சு விடாம, காய்ஞ்சதும் தின்னு தீர்ந்ததும் புதுசா வச்சுக்கிட்டே குறைஞ்சது ரெண்டு மாசம் ஓட்டணும்.

முக்கியமா ஸ்ப்ரேயை நிறுத்துங்க. கடை ஸ்ப்ரேல பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. அது படாததை விரட்டி விடும். கிச்சன்ல இருந்தது ஹால்ல போய் கூடு கட்டும். ஜெல் பக்கத்துல அந்த வாடை இருந்தா ஜெல்லைத் தொடவும் தயங்கும். ஜெல்லோட பலமே மெதுவா கொல்றதுலதான். தின்னது இடுக்குக்குள்ள போய் சாகணும். அதோட எச்சத்தையும் பிணத்தையும் குஞ்சுகள் தின்னும், அதுகளும் சாகும். நீங்க ராத்திரி ஸ்ப்ரே அடிச்சா இந்தச் சங்கிலி அறுந்து போயிடும். புகை குண்டும் வேண்டாம், புகை இண்டு இடுக்குக்குள்ள போகாது.

அலமாரியில மட்டும் வச்சா பத்தாது. ரெண்டு பக்கமும் உடம்பு உரசுற மாதிரி ஒடுங்கின, கதகதப்பான, ஈரம் கிட்ட இருக்கிற இடம்தான் அதுக்குப் பிடிக்கும். கருப்பா புள்ளி புள்ளியா எச்சம் எங்க அடர்த்தியா இருக்கோ அங்கதான் கூடு. ஃபிரிட்ஜ் பின்னாடி மோட்டார் பக்கம், சிங்க் அடியில பைப் சுவருக்குள்ள போற ஓட்டை, கதவுக் கீல், மிக்ஸி அடிப்பாகம் பாருங்க. தீக்குச்சித் தலை அளவு பொட்டு போதும், ஆனா நிறைய இடத்துல வைக்கணும். குழந்தைக்கு எட்டாத இடுக்குக்குள்ள மட்டும் வைங்க. தரையோரம் வைக்கணும்னா மூடின பெட்டியில வர்ற தூண்டில் மருந்து பாதுகாப்பு.

செம்பருத்தி
போரிக் பவுடர்ல சர்க்கரை கலந்து உருட்டி வச்சா போகும்னு சொல்வாங்களே?

கரிசல்
போரிக் வேலை செய்யும், ஆனா குழந்தை வாய்ல போட்டா விஷம். தவழுற குழந்தை இருக்கிற வீட்டுக்கு இனிப்பு உருண்டை யோசனையே வேண்டாம். இன்னொண்ணு, ஜெர்மன் கரப்பான்ல ஒரு கூட்டத்துக்கு குளுக்கோஸ் கசக்கும். இனிப்பு ஜெல்லால செத்துச் செத்து, தின்னாதது மட்டும் பிழைச்சுப் பெருகின வம்சம் அது. கொஞ்ச நாள் கழிச்சும் ஜெல் அப்படியே தொடாம கிடந்தா, வேற மருந்து இருக்கிற வேற கம்பெனி ஜெல்லுக்கு மாறுங்க.

ஓட்டைப்பேனா
இழையில குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எங்க வீட்ல இருக்கிறது நல்லா பெருசு, செம்பழுப்பு, மூஞ்சிக்கு நேரா பறந்து வருது. அதுவும் இதே கதையா?

கரிசல்
இல்ல, அது அமெரிக்கன் கரப்பான், சாக்கடைவாசி. யாரும் புழங்காத பாத்ரூம் இருக்கா? தரை வடிகால் குழாய்க்குள்ள தேங்கி நிக்கிற தண்ணிதான் அதுக்குத் தடுப்பு. தண்ணி காய்ஞ்சா வழி திறந்துரும். வாரம் ஒரு வாளி ஊத்துங்க, வலை போட்ட மூடி மாட்டுங்க.

மழைமேகம்
ஃபிரிட்ஜை இழுத்துப் பார்த்தேன். மோட்டார் பக்கம் முழுக்க கருப்புப் புள்ளி, அடியில பழைய அட்டைப் பெட்டி வேற! இதையெல்லாம் பெருக்கித் தள்ளிட்டு ஜெல் வைக்கலாமா?

கரிசல்
பெருக்காதீங்க. காய்ஞ்ச எச்சம் தூளாப் பறந்தா ஆஸ்துமா உள்ளவங்களுக்கு இழுப்பு வரும், குழந்தைக்கும் ஆகாது. ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழட்டிட்டு, மூக்கை மூடிக்கிட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்செடுங்க. அட்டைப் பெட்டியைக் கவர்ல கட்டி அன்னைக்கே வெளிய அனுப்பிடுங்க, மடிப்புக்குள்ள முட்டைப்பை சுமக்குற தாயும் குஞ்சும் ஒளிஞ்சிருக்கும். நல்லா காய்ஞ்ச பிறகு ஜெல். ராத்திரி சிங்க்கையும் ஈரமில்லாம துடைச்சு வைங்க. தீனி இல்லாம பல வாரம் தாங்கும், தண்ணி இல்லாம ரொம்ப நாள் தாங்காது.