மெரிட் ஸ்காலர்ஷிப்பை எதை வைத்துக் கொடுக்கிறார்கள்?

மல்லிகை_என்ஜே கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் லெவன்த் படிக்கிறாள். வெயிட் சேர்க்காத ஜிபிஏ (பள்ளி மார்க் சராசரி, 4க்கு) 3.9, எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு, 1600க்கு) 1490. கம்ப்யூட்டர் சயின்ஸா பயாலஜியா என்று இன்னும் முடிவாகவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அதனால் எந்தக் கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் போட்டாலும் முழுத் தொகையையும் நாங்களே கட்ட வேண்டும் என்றுதான் வருகிறது. சம்பளத்தைப் பார்க்கிற அந்தக் கணக்கு வீட்டுக்கடனைப் பார்ப்பதில்லை, ஊரில் மாமனாருக்கு நடக்கும் டயாலிசிஸ் செலவையும் பார்ப்பதில்லை. எய்ட்த் படிக்கும் பையன் வேறு இருக்கிறான். வருடம் 90,000 டாலர் வீதம் நான்கு வருடம் கட்ட எங்களால் முடியவே முடியாது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், எங்களைவிட வசதியானவர்கள். அவர்கள் மகனுக்கு ஜிபிஏ, எஸ்ஏடி இரண்டும் என் மகளைவிடக் குறைவு. அவனுக்கு ஒரு தனியார் கல்லூரி வருடத்துக்கு 28,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப் (பணத்தேவையைப் பார்க்காமல் தரும் உதவித்தொகை) கொடுத்திருக்கிறது. ஆனால் போன வருடம் எங்கள் பள்ளியில் முதலிடம் வந்த பெண்ணுக்கு கார்னெல்லில் இடம் கிடைத்தும் மெரிட் என்று ஒரு டாலர்கூட வரவில்லை. இது எப்படி? மகள் ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து படிக்கிறாள். எந்தப் பக்கம் முயற்சி செய்தால் பலன் உண்டு என்றாவது அவளுக்குச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தில்_சிகாகோ:

கார்னெல் உட்பட ஐவி லீக் என்று சொல்லும் புகழ்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களிலும் மெரிட் பணம் கிடையாது. ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. எம்ஐடியும் அப்படித்தான். குடும்பத்தின் பண நிலையைப் பார்த்து மட்டுமே கொடுப்பார்கள். அந்தப் பெண்ணின் மார்க்கில் ஒரு குறையும் இல்லை.

தாமிரபரணி:

மல்லிகை, மிட்வெஸ்டில் ஒரு தனியார் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸில் நான் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் அட்மிஷன் சீசன் தொடங்கும் முன்னால் எங்கள் மேஜைக்குக் கட்டம் போட்ட ஒரு தாள் வரும். இடப்பக்கம் ஜிபிஏ, மேலே எஸ்ஏடி மார்க், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு தொகை. 3.75க்கு மேல் ஜிபிஏ, 1400க்கு மேல் எஸ்ஏடி என்றால் 26,000. அதற்கு அடுத்த கட்டம் 22,000. அதற்கும் கீழே 17,000. இந்தத் தொகைகளை யாரும் பிள்ளைகளின் கட்டுரையைப் படித்து உருகி எழுதுவதில்லை. கல்லூரி காசு கொடுத்து வைத்திருக்கும் கன்சல்டிங் கம்பெனி, முந்தைய வருடங்களில் எந்தக் கட்டத்துப் பிள்ளைகள் எவ்வளவு கொடுத்தபோது வந்து சேர்ந்தார்கள், எவ்வளவு குறைத்தபோது வேறு இடத்துக்குப் போனார்கள் என்று அலசி எழுதித் தரும். ஒரு கட்டத்தில் சேர்க்கை குறைந்தால் அடுத்த வருடம் அங்கே 2,000 ஏறும். எப்படியும் வந்து சேர்கிறார்கள் என்று தெரிந்தால் இறங்கும். பிள்ளைக்கு வரும் கடிதத்தில் "பிரெசிடென்ட் ஸ்காலர்", "டீன்ஸ் ஸ்காலர்" என்று இருக்குமே, அதெல்லாம் இந்தக் கட்டங்களுக்கு வைத்த பெயர்.

ஏன் இப்படி என்றால், விமான டிக்கெட் கணக்குதான். கட்டணம் 55,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 26,000 குறைத்தாலும் கல்லூரிக்கு 29,000 வருகிறது. அந்த இடம் காலியாகக் கிடந்தால் ஒன்றும் வராது, ஆனால் பேராசிரியர் சம்பளமும் கட்டடச் செலவும் அதே அளவுதான். கூடவே நல்ல மார்க் உள்ள பிள்ளைகள் சேர்ந்தால் கல்லூரியின் எஸ்ஏடி சராசரி ஏறும், ரேங்கிங்குக்கும் ஆகும். இது ஏதோ சில கல்லூரிகளின் வழக்கம் இல்லை. தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கான கட்டணத்தில், தேவைக்கான உதவியும் மெரிட்டும் சேர்த்து, சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடியாகவே போகிறது. கல்லூரி நிதி அதிகாரிகளின் சங்கமான நாகுபோ வருடாவருடம் இந்தக் கணக்கை வெளியிடுகிறது.

ஐவிகளுக்கு அந்தக் கவலை இல்லை. இடம் கொடுத்தால் போதும், பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் மெரிட் கொடுப்பதில்லை என்று அந்த எட்டுக் கல்லூரிகளும் எம்ஐடியும் கூடிப் பேசியே வைத்திருந்தார்கள். யாருக்கு எவ்வளவு உதவி என்பதையும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். இது போட்டியைத் தடுக்கிறது என்று மத்திய அரசின் நீதித்துறை 1991ல் வழக்குப் போட்டது. ஐவிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒதுங்கிக்கொண்டன. எம்ஐடி மட்டும் நின்று வழக்காடி 1993ல் சமரசத்துக்கு வந்தது. யாருக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொள்வது நின்றது, மெரிட் கொடுப்பதில்லை என்கிற கொள்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு இதில் ஆறாத ஒரு விஷயம் உண்டு. 50,000 டாலர் கொடுத்தால்தான் படிக்க முடியும் என்கிற பிள்ளை ஒன்று. அதே பணத்தை இரண்டாகப் பிரித்து வசதியான இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 25,000 கொடுத்தால் மீதிக் கட்டணம் இரண்டு வீட்டிலிருந்தும் வரும். எந்தப் பக்கம் முடிவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பண உதவி போதாமல் வராமல் போன பிள்ளைகளின் ஃபைல்களை நான்தான் மூடி வைப்பேன். அது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. உங்களை மாதிரி நடுவில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் இந்தப் பணத்தைத் தேடுவதில் தவறு எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். கல்லூரிப் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடுங்கள். சேர்க்கை, பண உதவி பற்றிய எண்ணிக்கைகளை ஒரே மாதிரி அட்டவணைகளில் தரும் ஆவணம் அது, பெரும்பாலான கல்லூரிகள் வெளியிடுகின்றன. அதில் எச் பிரிவுக்குப் போய், எச்2 அட்டவணையில் முதலாண்டு மாணவர்கள் வரிசையை எடுங்கள். ஏ வரியில் மொத்த மாணவர் எண்ணிக்கை, சி வரியில் பணத்தேவை உள்ளவர்கள் எண்ணிக்கை. ஏயிலிருந்து சியைக் கழித்தால் உங்களைப் போன்ற குடும்பங்கள். அப்புறம் எச்2ஏயில் என் (N) வரியைப் பாருங்கள். பணத்தேவை இல்லாமலேயே கல்லூரிப் பணம் வாங்கியவர்கள் அந்த வரியில் இருப்பார்கள். அதற்கு அடுத்த ஓ வரியில் சராசரித் தொகை. உதாரணத்துக்கு, 1,000 பேரில் 600 பேருக்குத் தேவை என்றால் மீதி 400. என் வரியில் 320 என்று இருந்தால் ஐந்தில் நான்கு பேருக்குக் கொடுக்கிறார்கள், மகளுக்கும் அநேகமாக வரும். 12 என்று இருந்தால் நம்பி உட்கார வேண்டாம்.

அதே ஆவணத்தில் சி9 என்ற இடத்தில் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி இருக்கும். 75வது பெர்சன்டைல் (நான்கில் மூன்று பேர் எடுத்தது இதற்குள்தான் இருக்கும்) 1490ஐவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும் கல்லூரிகளில்தான் உங்கள் மகள் மேல் கட்டத்தில் உட்காருவாள். தெரிந்தவர் மகனுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அவன் மார்க் அந்தக் கல்லூரிக்குப் பெரிய மார்க். மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவன் கடிதத்தில் உள்ள தொகையையும் அவள் உழைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது.

கட்டத்துக்கு வெளியே போட்டி போட்டு வாங்கும் பெரிய ஸ்காலர்ஷிப்புகளும் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன், வர்ஜீனியாவின் ஜெஃபர்சன், வாண்டர்பில்ட்டின் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட், யுஎஸ்சியின் (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) டிரஸ்டீ எல்லாம் அந்த வகை. அங்கேதான் கட்டுரை, சிபாரிசு, இன்டர்வியூ எல்லாம் பேசும். மிகச் சிலருக்கே கிடைக்கும். முயற்சி செய்யட்டும், ஆனால் அதை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். கெடு தேதி முன்னதாகவே முடிந்துவிடும். யுஎஸ்சியில் பெரும்பாலான படிப்புகளுக்கு நவம்பர் 1க்குள் விண்ணப்பித்தால்தான் மெரிட்டுக்கே எடுத்துக்கொள்வார்கள்.

எர்லி டிசிஷன் மட்டும் வேண்டாம். கட்டாயம் சேர்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட பிள்ளைக்குப் பணத்தை ஏற்றிக் கொடுக்க எந்த ஆபீஸுக்கும் காரணம் இல்லை.

கண்ணன்_டாலஸ்:

அரசுப் பல்கலைக்கழகங்களையும் பாருங்கள். அலபாமா பல்கலைக்கழகம் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் இந்த ஜிபிஏ, இந்த எஸ்ஏடிக்கு இவ்வளவு என்று அட்டவணையை இணையதளத்திலேயே போடுகிறது. பையனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எங்களுக்குத் தொகை தெரிந்துவிட்டது, நிம்மதியாக இருந்தது.

கடிதம் வந்ததும் முதலில் ரினியூவல் நிபந்தனையைப் படியுங்கள். என் அண்ணன் மகள் வேறொரு கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். 3.5 ஜிபிஏ இருந்தால்தான் அடுத்த வருடம் தொடரும் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதல் செமஸ்டரில் கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து 3.3க்கு இழுத்துவிட்டன. குழந்தை வீட்டுக்கு போன் பண்ணி அழுதாள். வருடத்துக்கு 20,000 டாலர் என்கிற பாரத்தை பதினெட்டு வயதுப் பிள்ளையின் ஒரு பரீட்சை மேல் வைப்பது எனக்குச் சம்மதமே இல்லை. 3.0 கேட்கும் இடமாகப் பாருங்கள், தொகை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று, ஸ்காலர்ஷிப் தொகை பெரும்பாலும் நான்கு வருடமும் மாறாது, கட்டணம் வருடாவருடம் ஏறும். மொத்தக் கணக்கு போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனு_சான்ஹோசே:

இடையில் ஒரு கேள்வி. நாங்கள் இன்னும் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், பையன் அதைச் சார்ந்த எச்4 விசா. ஃபாஃப்சா (மத்திய அரசின் பண உதவி விண்ணப்பம்) போட முடியாதே, அப்போது மெரிட்டும் கிடையாதா?

மல்லிகை_என்ஜே:

தாமிரபரணி அக்கா, ராத்திரியே ஆறு கல்லூரிகளின் எச்2ஏயை எடுத்துப் பார்த்துவிட்டோம். மகள்தான் எக்செல்லில் போட்டாள். அவள் ஆசைப்பட்ட இரண்டு கல்லூரிகளில் அந்த என் (N) வரி கிட்டத்தட்டக் காலி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு அவளே வேறு கல்லூரிகளைத் தேட ஆரம்பித்தாள். இரண்டு சந்தேகம். எங்களுக்கு உதவி தேவையில்லை என்று வரும்போதும் ஃபாஃப்சா போட வேண்டுமா? வந்த தொகை போதாவிட்டால் கூட்டிக் கேட்கலாமா?

தாமிரபரணி:

அனு, ஃபாஃப்சா மத்திய அரசின் பணத்துக்கான வாசல். எச்4 பிள்ளைகளுக்கு அது மூடியிருப்பது உண்மைதான். ஆனால் கட்டம் போட்ட மெரிட் கல்லூரியின் சொந்தப் பணம். பல கல்லூரிகள் அதற்குக் குடியுரிமை பார்ப்பதில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எச்4 பிள்ளையை உள்நாட்டு விண்ணப்பதாரராகப் பார்ப்பீர்களா, இன்டர்நேஷனலாகவா என்று அட்மிஷன் ஆபீஸுக்கு மின்னஞ்சல் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொகை அதைப் பொறுத்து மாறலாம்.

மல்லிகை, ஃபாஃப்சா போடுங்கள். சில கல்லூரிகள் மெரிட்டுக்கே அதைக் கேட்கும். முதலாண்டில் 5,500 டாலர் வரை மகள் பெயரில் மத்திய அரசுக் கடன் வாங்குவதென்றாலும் அது வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் கிடைத்துவந்த சலுகை 2024-25லிருந்து ஃபாஃப்சா கணக்கில் இல்லை, பையன் சேரும்போது அதை எதிர்பார்க்காதீர்கள்.

கூட்டிக் கேட்கலாம், தாராளமாக. எங்களுக்கு வந்த கடிதங்களில் வேலை செய்தவை எல்லாம் சின்னவை. எங்கள் கல்லூரிக்கு நிகரான இன்னொரு கல்லூரி கொடுத்த கடிதத்தின் நகல், மாமனார் சிகிச்சைக்கு வருடம் எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதற்கு வங்கிச் சான்று, இவ்வளவு குறைந்தால் மகள் இங்கேதான் சேருவாள் என்று ஒரு வரியில் தொகை. மகளே எழுதட்டும், நீங்கள் சான்றுகளை இணையுங்கள். மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டியிருக்கும், அதனால் ஏப்ரல் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். கடைசி வாரத்தில் வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் பணம் மிச்சம் இருக்காது.