ஷெட்ல விட்ட கார் காணோம்: ‘வைகைக் குடும்பம்’ குழுவில் ஒரு நாள்

செந்தில், காலை 8:41
நேத்து சர்வீசுக்கு ஷெட்ல விட்ட காரை ராத்திரி தூக்கிட்டாங்க. ஷட்டர் பூட்டை அறுத்திருக்காங்க, பலகையில தொங்கின சாவியும் இல்ல. பாலிசி நடப்புல இருக்கு, ஐ.டி.வி. (காருக்குப் பாலிசியில போட்டிருக்கிற மதிப்பு) 6,40,000. லோன் பாக்கி 2,85,000. முதல்ல இன்சூரன்சா, ஸ்டேஷனா?

முருகேசன் மாமா, காலை 8:44
ஸ்டேஷன். கிளம்புறதுக்கு முன்னாடி 112-க்கு ஒரு கால் போடு, நேரம் பதிவாகிடும். போற வழியிலயே இன்சூரன்ஸ் டோல்ஃப்ரீக்கு அடிச்சு கிளெய்ம் நம்பர் வாங்கு. ரெண்டும் இன்னைக்கே முடியணும்.

முருகேசன் மாமா, காலை 8:46
ஃபாஸ்டேக் மெசேஜைப் பாரு. ராத்திரி ஏதாவது டோல்ல காசு பிடிச்சிருந்தா, எந்த டோல், எத்தனை மணின்னு போலீஸ்கிட்ட காட்டு. பிளாக் பண்றது அதுக்கப்புறம். அவசரத்துல முதல்லயே பிளாக் பண்ணிட்டா அந்தத் தடயமும் போயிடும்.

செந்தில், காலை 8:47
சரி மாமா. ஷெட் ஜாப் கார்டு போட்டோ போன்ல இருக்கு.

முருகேசன் மாமா, காலை 8:49
அதுதான் உன் உயிர்நாடி. விட்ட தேதி, நேரம், கிலோமீட்டர், ‘சாவி 1 பெறப்பட்டது’ எல்லாம் இருக்கான்னு பாரு. சாவி எப்படி வெளியே போச்சுன்னு இன்சூரன்ஸ் இன்வெஸ்டிகேட்டர் கேட்கப்போற முதல் கேள்விக்கு இந்த ஒரு தாள்தான் பதில். ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுக்காதே.

பெரியப்பா, காலை 9:20
ஷெட்காரர் என்கிட்ட பேசினார். பாவம், தங்கமான மனுஷன். ரெண்டு நாள் பொறுங்க, விசாரிக்கிறேன், கிடைக்கலன்னா 3 லட்சம் தர்றேங்கிறார். நம்ம தெருக்காரர்மேல கேஸ் எதுக்கு?

வசந்தி அத்தை, காலை 9:26
அண்ணே, கேஸ் அவர்மேல இல்ல, திருடன்மேல. ரெண்டு நாள் பொறுத்தா கிளெய்ம்தான் போகும். இன்சூரன்சுக்குச் சொல்ல லேட் ஆனாலும் கோர்ட் மன்னிச்சிருக்கு. 2020-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, குர்ஷிந்தர் சிங் வழக்கு: ட்ராக்டர் திருட்டு, கம்பெனிக்குச் சொன்னது 52 நாள் கழிச்சு. திருடு போன அன்னைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டிருந்ததால கிளெய்ம் செல்லும்னு சொல்லிடுச்சு. எஃப்.ஐ.ஆர்.ரே லேட்டுன்னா பிடிச்சுக்க எதுவும் இல்ல.

வசந்தி அத்தை, காலை 9:31
இதைவிட முக்கியம், செந்தில்: ஷெட்காரர்கிட்ட பணம் வாங்கிக்கிட்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ன்னு எழுதிக் கொடுத்துடாதே. இன்சூரன்ஸ் உனக்குப் பணம் கொடுத்ததும் ஷெட்மேல உனக்கிருக்கிற உரிமை அவங்க கைக்குப் போகும். அந்த உரிமையை நீ முன்னாடியே விட்டுக்கொடுத்திருந்தா, அதைக் காரணம் காட்டி உன் பணத்துல கை வைப்பாங்க.

கயல் அக்கா, காலை 9:35
ஷெட் பில்லுல ‘வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்’னு அச்சடிச்சிருக்கே அத்தை?

வசந்தி அத்தை, காலை 9:40
ஊர்ல எல்லா பில்லுலயும் இருக்கு. வண்டியை நம்பி ஒப்படைச்சா, தன் பொருளைப் பார்க்கிற மாதிரி அவர் பார்க்கணும். 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துல 151-வது பிரிவு. டெல்லி தாஜ்மகால் ஹோட்டல்ல வேலே பார்க்கிங்ல (சாவியை வாங்கி ஹோட்டல் ஆளே வண்டியை நிறுத்துறது) விட்ட மாருதி ஜென் 1998-ல திருடு போச்சு, சீட்டுல இதே வாசகம். இன்சூரன்ஸ் கம்பெனி ஓனருக்குப் பணத்தைக் கொடுத்துட்டு ஹோட்டல்மேல வழக்குப் போட்டுச்சு. கவனக்குறைவு இருந்தா அந்த வாசகம் காப்பாத்தாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஷெட்டுக்கும் அதே கதைதான்.

முருகேசன் மாமா, காலை 9:44
மச்சான், கணக்கும் பாருங்க. 6,40,000-ல கட்டாயக் கழிவு 1,000 (1500 சி.சி.க்கு மேலன்னா 2,000). மிச்சம் 6,39,000. பேங்க் 2,85,000 எடுத்துக்கும். செந்தில் கைக்கு 3,54,000. ஷெட்காரர் தர்ற 3 லட்சத்தை வாங்கி லோனை அடைச்சா மிச்சம் 15,000.

பெரியப்பா, காலை 9:52
👍 நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.

செந்தில், காலை 11:05
ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்துச்சுங்கிறதுக்கு மட்டும்) கொடுத்துட்டு நாளைக்கு வாங்கங்கிறார் ரைட்டர்.

வசந்தி அத்தை, காலை 11:08
சி.எஸ்.ஆர்.ரை இன்சூரன்ஸ் ஒத்துக்காது. எஃப்.ஐ.ஆர். வேணும்னு மரியாதையா உட்கார். போடலன்னா அதே புகாரைப் பதிவுத் தபால்ல துணை கமிஷனருக்கு அனுப்பிடலாம், பி.என்.எஸ்.எஸ். (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 173-ல அதுக்கு வழி இருக்கு. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்.

வசந்தி அத்தை, காலை 11:11
பிரிவைக் கட்டாயம் பாரு. பி.என்.எஸ். (புது தண்டனைச் சட்டம்) 303, திருட்டுன்னு இருக்கணும். ஷெட் பையன்மேல சந்தேகம்னு சொன்னா சில பேர் 316, நம்பிக்கை மோசடின்னு எழுதிடுவாங்க. பாலிசி திருட்டுக்குத்தான், மோசடிக்கு இல்லன்னு கம்பெனி அதையே பிடிச்சுக்கும். நடந்ததை மட்டும் சொல்லு: பூட்டு அறுப்பு, சாவி எடுப்பு, வண்டி மாயம்.

முருகேசன் மாமா, காலை 11:13
இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யைப் பார்த்துச் சொல்லு. ஒரு எழுத்து மாறினா பிறகு திருத்தறதுக்கு அலையணும். ‘சர்வீசுக்காகக் கொடுத்த சாவி ஷெட்டில் இருந்தது, அதுவும் திருடு போனது’ங்கிற வரி கண்டிப்பா வேணும். அது இல்லாம பின்னாடி ஒரு சாவியை மட்டும் நீட்டினா, இன்னொன்னு எங்கன்னு ஃபைலை அங்கயே நிறுத்திடுவாங்க.

செந்தில், மதியம் 1:30
எஃப்.ஐ.ஆர். ஆச்சு. 303(2). 🙏 ஆர்.சி. ஒரிஜினல் கார்லயே போச்சு, அதையும் எழுத வச்சுட்டேன்.

முருகேசன் மாமா, மதியம் 1:38
நல்லது. டிஜிலாக்கர் பிரதி இருக்கும். அடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு எஃப்.ஐ.ஆர். நகலோட ஒரு கடிதம்: வண்டி திருடு போச்சு, எந்தப் பெயர் மாற்றமும் பண்ண வேண்டாம்னு. உன் நகல்ல சீல் வாங்கு. பேங்குக்கும் ஒரு கடிதம். ஆனா இ.எம்.ஐ.யை நிறுத்தாதே. கிளெய்ம் முடிய மாசக்கணக்கா ஆகும், நடுவுல ஒண்ணு தவறினாலும் சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.

கயல் அக்கா, மதியம் 1:45
கார்ல தம்பியோட லேப்டாப் இருந்துச்சே?

முருகேசன் மாமா, மதியம் 1:47
மோட்டார் பாலிசியில அது வராது. வெளியே வாங்கி மாட்டின மியூசிக் சிஸ்டம்கூட, பாலிசியில தனியாக் காட்டி பிரீமியம் கட்டியிருந்தாத்தான். ஆனா ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ இருக்கான்னு ஆட்-ஆன் பக்கத்தைப் பாரு செந்தில். இருந்தா ஐ.டி.வி.யோட நிக்காது, வாங்கின விலை வரைக்கும் போகும்.

செந்தில், மதியம் 1:55
இல்ல மாமா. ஜீரோ டெப் (ரிப்பேர்ல பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காதது) மட்டும்தான்.

முருகேசன் மாமா, மதியம் 1:56
திருட்டுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. விடு.

முருகேசன் மாமா, மதியம் 2:10
ஒரு வாரத்துல இன்வெஸ்டிகேட்டர் வருவார். உன்கிட்ட, ஷெட்காரர்கிட்ட, வாட்ச்மேன்கிட்ட தனித்தனியா வாக்குமூலம் வாங்குவார். வெள்ளைத்தாள்ல கையெழுத்துக் கேட்டா போடாதே. அவர் எழுதினதைப் படிச்சு, போட்டோ எடுத்துட்டுப் போடு. ஷெட் சிசிடிவியை இன்னைக்கே காப்பி எடுக்கச் சொல்லு, ஹார்டு டிஸ்க் நிறைஞ்சா பழசு அழிஞ்சிடும்.

செந்தில், மாலை 6:20
பணம் எப்ப வரும்?

வசந்தி அத்தை, மாலை 6:34
வண்டி கிடைக்கலன்னு போலீஸ் நான்-டிரேசபிள் சர்டிபிகேட் கொடுக்கணும், கோர்ட்டுக்கு இறுதி அறிக்கையும் போகணும். மூணு மாசமாவது ஆகும்னு வச்சுக்கோ. பதினைஞ்சு நாளைக்கு ஒருமுறை ஸ்டேஷன்ல தலையைக் காட்டு, தானா நகராது.

முருகேசன் மாமா, மாலை 6:41
அதுக்கப்புறம் பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 28, 29, 30, எச்.பி. (ஆர்.சி.யில இருக்கிற லோன் பதிவு) கேன்சலுக்கு 35, முத்திரைத்தாள்ல உரிமை மாற்றக் கடிதம், பேங்க் என்.ஓ.சி., இருக்கிற சாவி. எல்லாத்தையும் ஒரு கவரிங் லெட்டர்ல வரிசையா எழுதி, ‘பெறப்பட்டது’ன்னு கையெழுத்து வாங்கிட்டுக் கொடு. பணம் வாங்கினப்புறம் கார் கிடைச்சா அது கம்பெனியோடது.

கயல் அக்கா, மாலை 6:50
சாவியைப் பலகையில தொங்க விட்டது அலட்சியம்னு சொல்லிக் குறைச்சா?

வசந்தி அத்தை, மாலை 6:58
சொல்லிப் பார்ப்பாங்க. ‘நான்-ஸ்டாண்டர்டு’ன்னு (பாலிசி நிபந்தனையை முழுசாக் கடைப்பிடிக்காத கிளெய்ம்) 75 சதவீதம், அதாவது 4,80,000 தர்றோம்னு வருவாங்க. சாவியை வண்டியிலயே விட்டுப் போன லாரிக்கு 2023-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்ததே 75 சதவீதம். நம்மது ரசீதோட ஒப்படைச்ச சாவி, முழுசாவே கேட்கலாம். ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ன்னு தாள் நீட்டினா, கையெழுத்துக்கு முன்னாடி மறுப்பை ஈமெயில்ல அனுப்பு. அவங்க குறைதீர் பிரிவு ஒரு மாசத்துல சரி பண்ணலன்னா சென்னை இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்கும் பார்ப்பாங்க. கம்பெனி பதிலுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

செந்தில், இரவு 8:15
இன்னொரு சாவி வீட்ல தேடுறேன், காணோம். டூப்ளிகேட் ஒண்ணு போட்டு வச்சுடவா?

முருகேசன் மாமா, இரவு 8:16
வேண்டவே வேண்டாம். சாவியை லேபுக்கு அனுப்புவாங்க, புதுசா வெட்டினது தெரிஞ்சா நல்ல கிளெய்மும் பொய்க் கிளெய்ம் ஆயிடும். தொலைஞ்சிருந்தா தொலைஞ்சதுன்னே எழுது.

கயல் அக்கா, இரவு 8:22
தம்பி, அது கோயம்புத்தூர்ல என் பீரோவுல இருக்கு. பொங்கலுக்கு நீதானே வச்சுட்டுப் போனே. கூரியர் போடவா?

முருகேசன் மாமா, இரவு 8:23
கூரியர் வேண்டாம்மா, நேர்ல வர்றப்ப எடுத்துட்டு வா. இப்ப ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, சாவி நம்பர் தெரியுற மாதிரி செந்திலுக்கு அனுப்பு.