அப்பா படம் ஏஐ-யில் போட்டால் ஆள் மாறிப்போவது ஏன்? உங்கள் அனுபவங்கள்

டச்சப்_டேபிள்:
இறந்தவரின் பழைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கேட்பவர்கள், ஏஐ பிரிண்டைப் பார்த்ததும் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கப்பா மாதிரி இல்லையே." மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ மென்பொருள்களான ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் இரண்டுமே, ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் திரட்டிய 70,000 முகங்களில் பழகியவை. படத்தில் விவரம் இல்லாத இடத்தை அந்த முகங்களின் சாயலால் நிரப்பும். லேசாகத் திறந்த வாயில் பல்வரிசை முளைக்கும், மூக்குத்தி கரையும், மச்சம் காணாமல் போகும். இமை தொங்கிய கண் மற்ற கண்ணோடு சமமாகிவிடும். வீட்டார் ஆளை அடையாளம் காண்பதே அந்தக் கோணலில்தான்.

பழைய_நெகட்டிவ்:
ஸ்கேனிலேயே பாதி வேலை முடியும். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம், சுருங்கியிருக்கும். 35×45 மி.மீ. பிரிண்டை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்தால் சுமார் 1650×2125 பிக்சல். 8×10 அங்குலத்துக்கு 200 டிபிஐ தேறும். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு, ஸ்கேனரில் தூசு, கீறலை நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அது படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களையே தூசு என்று எண்ணி அழித்துவிடும்.

லேயர்_மாஸ்க்:
@டச்சப்_டேபிள் அண்ணே, பலர் கவனிக்காத ஒன்று. ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் இரண்டும் முகத்தை 512×512 பிக்சலுக்குச் சுருக்கி வேலை செய்துதான் திரும்ப ஒட்டுகின்றன. ஸ்கேனில் முகமே 1500 பிக்சல் உயரம் இருந்தால், ஏஐ போடுவது இருப்பதையும் இழப்பதுதான். அங்கே ஃபோட்டோஷாப்பில் கீறலைக் கையால் சரிசெய்யும் ஹீலிங் பிரஷ்ஷே போதும்.

முகம் சின்னதாக, மங்கலாக இருந்தால் மட்டும் கோட்ஃபார்மர். அதில் 0 முதல் 1 வரை ஓர் அளவு உண்டு: 0 பக்கம் பளபளப்பு, 1 பக்கம் அசல்; 0.8-இல் தொடங்குங்கள். வந்ததை அசலுக்கு மேல் தனி லேயராக (அடுக்காக) வைத்து, அடியிலுள்ள அசல் தெரிய ஒப்பாசிட்டியை 40–50% ஆக்குங்கள். கண்ணோரம், உதடு, மச்சம், திருநீறு, தோடு எல்லாவற்றையும் மாஸ்க்கில் (மேல் லேயரை அந்த இடத்தில் மட்டும் மறைத்து) அசலுக்கே திருப்புங்கள். கடைசியில் முகத்தில் மட்டும் கிரெய்ன் (பழைய படத்தின் புள்ளிச் சொரசொரப்பு) சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வழவழ முகமும் சொரசொர கழுத்துமாக, தலையை வெட்டி ஒட்டியது போலத் தெரியும்.

பழைய_நெகட்டிவ்:
கலர் ஏற்றுவது தனித் தொல்லை. அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்திருக்கலாம். மென்பொருள் குத்துமதிப்பாகத்தான் போடும். சேலை நிறத்தை வீட்டில் கேட்டு வாங்குங்கள். மாநிறத்தை அது வெளுத்தால் உடனே பழையபடி மாநிறத்துக்கே இறக்குங்கள், "கலரா இருக்காரே" என்று யார் மகிழ்ந்தாலும்.

டச்சப்_டேபிள்:
முழு பிரிண்டுக்கு முன், முகத்தை மட்டும் இறுதி அளவிலேயே 4×6 தாளில் எடுத்துப் பாருங்கள். திரையில் தெரியாத பிளாஸ்டிக் தோல் தாளில் தெரிந்துவிடும். அதைக் காட்ட வேண்டியது பணம் கொடுக்கும் பேரனிடம் அல்ல, இறந்தவரோடு வாழ்ந்தவரிடம்.