குதிரையோடு மலைக்காட்டில் மூன்று இரவு: கருவாடு கொண்டுபோகலாமா?

உப்புவெளியான்:

வணக்கம். ஆவணி தொடக்கத்தில் கனடா போகிறேன். அக்கா குடும்பம் கல்கரியில் இருக்கிறது. அத்தான் இரண்டு குதிரை வைத்திருக்கிறார். மூன்றாவதை ஒரு நண்பரிடம் இரவல் வாங்குவாராம். மூன்று பேரும் கனனாஸ்கிஸ் பக்கம் மலைக்காட்டுக்குள் போய் மூன்று இரவு கூடாரம் அடித்துத் தங்குவதுதான் திட்டம். "நீ வந்து சேர், மற்றதெல்லாம் நான் பார்க்கிறேன்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னால்தான் எனக்குப் பயமே வருகிறது.

நான் கடற்கரைப் பிள்ளை. ஏறிய பெரிய உயரம் நுவரெலியா. அங்கே கிரகரி வாவிக் கரையில் காசு கொடுத்து மட்டக்குதிரையில் பத்து நிமிடம் இருந்திருக்கிறேன். அதையும் ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார். வயது 31, எடை 84 கிலோ.

உயரம் ஒத்துக்கொள்ளுமா? இரவில் குதிரையை மாடு மாதிரி மரத்தில் கட்டிவிட்டுப் படுத்துவிடலாமா? இன்னொன்று. அம்மா அக்காவுக்கென்று இரண்டு கிலோ நெத்தலிக் கருவாடும் மாசிச் சம்பலும் கட்டுகிறா. அதில் கொஞ்சத்தைக் காட்டில் பொரித்துத் தின்னவேண்டும் என்று அத்தானுக்குச் சரியான ஆசை.

பழைய லாயக்காரன்:

தம்பி, நான் நிலாவெளிதான். கல்கரி இருக்கிற அல்பேர்ட்டா மாகாணத்தில் ஒன்பது கோடை, ஆட்களைக் குதிரையில் மலைக்குக் கூட்டிப்போகிற இடத்தில் வேலை செய்தவன். இப்போது இங்கே கடை வைத்திருக்கிறேன். கச்சான் காற்றில் வேர்த்து ஒழுகிக்கொண்டு அந்தக் குளிரைப் பற்றி எழுதுவதும் ஒரு சுகம்தான்.

கடைசிக் கேள்வியை முதலில் முடிப்போம். கருவாடு அக்கா வீட்டுக் குசினியோடு நிற்கட்டும். அது கிறிஸ்லி கரடி திரிகிற காடு. நெத்தலி பொரித்த சட்டியைக் கழுவினாலும் உன் சேர்ட்டில் மணம் நிற்கும். அந்தச் சேர்ட்டோடு கூடாரத்துக்குள் படுப்பது கரடிக்குச் சொல்லி அனுப்பின மாதிரி. சாப்பாடு, பற்பசை, சோப், குதிரைக்குக் கொண்டுபோகும் உருண்டைத் தீவனம் எல்லாவற்றையும் கூடாரத்திலிருந்து 100 மீற்றர் தள்ளி இரும்புப் பெட்டியில் பூட்டவேண்டும். பெட்டி இல்லாத இடத்தில் நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 1 மீற்றர் தள்ளித் தொங்கவிடு. கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்பிரே விமானத்தில் ஏறாது, அங்கே வாங்கு. வாங்கினால் இடுப்பில் கட்டு, சேணத்தில் கட்டாதே. கரடியைக் கண்டால் குதிரை உன்னை விழுத்திவிட்டு ஸ்பிரேயையும் கொண்டு ஓடிவிடும்.

உயரத்துக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. நுவரெலியாவே 1,868 மீற்றர். குதிரைக்காரர் தங்கும் இடங்கள் பல அதைவிடத் தாழ்வு, கணவாய் ஏறும்போதுதான் 2,000 தாண்டுவாய். கல்கரியே ஆயிரம் மீற்றருக்கு மேலே, அங்கே மூன்று நாலு நாள் நின்றுவிட்டுப் போ. மூச்சு வாங்கும், தண்ணீர் குடி. குளிர்தான் உன்னை வருத்தும். ஆவணியிலும் விடியப்புறம் உறைநிலைக்குக் கிட்டப் போகும். கம்பளி உள்ளுடுப்பு எடு. சோற்றிலும் தெரியும் உயரம்: 1,600 மீற்றரில் தண்ணீர் 95 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். குத்தரிசி போட்டால் இரவுச் சாப்பாடு நடுச்சாமத்தில்தான். பச்சையரிசி கொண்டுபோ.

இனிக் கயிறு. நான் கன நேரம் கதைக்கப்போவது இதைப் பற்றித்தான்.

முதல் கோடையில் நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன். எங்கள் வீட்டுப் பசுவைக் கட்டுகிற மாதிரி ஒரு பெட்டைக் குதிரையை ஸ்புரூஸ் மரத்தடியில், நிறையப் புல் மேயட்டும் என்று நீளக் கயிறு விட்டுத் தாழக் கட்டினேன். இரண்டு மணி இருக்கும், மண்ணைக் கொத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. அந்தச் சத்தம் நின்றதில்தான் நித்திரை குழம்பி எழும்பினேன். லைற்றை அடித்துப் பார்த்தால் கயிறு பின்னங்கால் குளம்புக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. இழுத்து இழுத்துத் தோல் வெள்ளையாகச் சுருண்டு, உரித்த பனங்கிழங்குத் தோல் மாதிரித் தொங்குகிறது. அவள் உதைக்கவில்லை, நடுங்கிக்கொண்டு நின்றாள். கத்தியால் கயிற்றை அறுத்தேன். காலையில் பெரியவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. என் சேணத்தை வேறு குதிரையில் ஏற்றிவிட்டு, அவளை நடத்திக் கூட்டிவரச் சொன்னார். 18 கிலோமீற்றர், அவளுடைய நொண்டல் நடைக்கு.

ஆகவே இப்படிச் செய். இரண்டு மரத்துக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே, 2 மீற்றருக்குக் குறையாத உயரத்தில் ஒரு கயிற்றை இறுக்கி இழு. பட்டை உரியாமல் இருக்க மரத்தைச் சுற்றி அகலமான நாடா போடு. குதிரையின் கயிற்றை அந்தக் கயிற்றில் கட்டு. மூக்கு நிலத்துக்குக் கிட்ட எட்டவேண்டும், அவ்வளவுதான். ஒரு சாண் கூடினால் கால் மாட்டும். ஆற்றிலிருந்து 60 மீற்றராவது தள்ளி இடம் பார். ஒரே இழுவையில் அவிழும் சுருக்கு முடிச்சை இருட்டில் கையால் தடவிப் போடப் பழகு. கயிற்றை மட்டும் கையில் சுற்றாதே. கரைவலை இழுக்கிறவர்களிடம் கேள், விரல் போன கதை சொல்வார்கள். குதிரை வலையை விடக் கெதியாக இழுக்கும்.

கிட்டப் போகும்போது தோளுக்கு நேரே, கதைத்துக்கொண்டு போ. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. சப்பாத்துக்குக் குதி இருக்கட்டும். தட்டைச் சப்பாத்து அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்குள், வழுக்கிப் போய் மாட்டினால், விழுந்த பிறகும் உன்னை இழுத்துக்கொண்டு ஓடும். ஏறிப் பதினைந்து நிமிடம் போனதும் இறங்கி, சேணத்தைப் பிடித்து வைத்திருக்கும் வயிற்றுவாரைத் திரும்ப இறுக்கு. இறுக்கும்போது வயிற்றை ஊதிக்கொண்டு நிற்கும் கள்ளக் குதிரைகள் உண்டு.

உன் எடையை அத்தானுக்குச் சொன்னாயா? ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மேற்கத்திச் சேணம் பதினைந்து கிலோ வரும். நீயும் அதுவும் உடுப்பும் சேர்ந்தால் 100. 500 கிலோக் குதிரைக்கு அதோடு சரி. தண்ணீர்ப் போத்தல் மாட்டவும் இடம் இல்லை.

மூதூர்ப் பிள்ளை:

பேராதனையில் விலங்கு மருத்துவம் படிக்கிறேன், ஆகவே ஒரு சின்னச் சேர்ப்பு. 500 கிலோக் குதிரைக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ அளவில் காய்ந்த புல், 25 லீற்றருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். வேலை செய்தால் இன்னும் கூட. புதுத் தீவனத்தை மலையில் போய்த் திடீரென்று தொடங்கவேண்டாம், ஒரு கிழமைக்கு முதலே வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கச் சொல்லுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுக் குத்து வந்தால் ஆபத்து. நிலத்தில் உருளுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, சாணி போடாமல் இருப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் பயணத்தை நிறுத்துங்கள். சும்மா நிற்கும்போது நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் பிடிபடும். போகுமுன் அக்கா வீட்டிலேயே எண்ணிப் பழகுங்கள்.

தீவகத்தான்:

எங்கள் நெடுந்தீவுக் குதிரைகளை யாரும் கட்டுவதுமில்லை, நாடி பார்ப்பதுமில்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து தாங்களாகவே திரிகின்றன. கருவாட்டுக்கும் அங்கே தடையில்லை. கனடாவை விட்டுவிட்டுக் குறிகாட்டுவானில் படகு ஏறு தம்பி.

பழைய லாயக்காரன்:

தீவகத்தார் பகிடி விடுகிறார். கோடையில் அந்தக் குதிரைகள் தண்ணீருக்குப் படும் பாட்டைப் பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார். தம்பி, ஞாயிறு கடை பூட்டு. ஒரு பாகம் கயிறு கொண்டுவந்தால் முற்றத்துத் தென்னையில் முடிச்சுப் பழக்கிவிடுகிறேன்.

உப்புவெளியான்:

எல்லாருக்கும் நன்றி. அத்தானுக்கு எடுத்து இரவல் குதிரையின் எடை எவ்வளவு என்று கேட்டேன். "ஏன், பெண்ணா பார்க்கிறாய்?" என்றார். என் எடையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நேற்றுத் திரும்ப எடுத்தார்: தன்னுடைய பெரிய குதிரையை, 580 கிலோவாம், எனக்குத் தந்துவிட்டு இரவல் குதிரையில் தானே ஏறுகிறாராம். கருவாட்டுக் கதையைச் சொன்னதற்குத்தான் மனிதருக்குச் சரியான கவலை.

அண்ணா, ஞாயிறு பத்து மணிக்குக் கயிற்றோடு வருகிறேன். காட்டுக்குப் போகவிருந்த பங்கை அம்மா உங்களுக்குக் கட்டி வைத்திருக்கிறா.