வைஃபை ஐபேடுல ஜிபிஎஸ் இருக்காம், கேட்டுக்கோங்க மக்களே

பழைய_மாலுமி:
ஞாயித்துக்கிழமை கொடைக்கானல் சந்தையில காய் வாங்கிட்டு இருந்தப்ப காதுல விழுந்தது. வட்டக்கானல் அக்கா டிசம்பர்ல கொச்சியில கொழுந்தனாரோட சின்ன பாய்மரப் படகுல வேம்பநாட்டுக் காயல்ல நாலு நாள் சுத்தப் போறாங்க, டேப்லெட்ல எந்த நேவிகேஷன் ஆப் போடலாம்னு கேட்டிருக்காங்க. அதுக்கு நம்ம ஏரிக்கரை தம்பி சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஆப் எதுவா இருந்தா என்னக்கா, என்னுது மாதிரி வைஃபை ஐபேடு ஒண்ணு வாங்குங்க, எல்லா ஐபேடுலயும் ஜிபிஎஸ் இருக்கு, சிம் மாடலுக்கு எதுக்கு தண்டமா காசு." எல்லா ஐபேடுலயுமாம்! பீன்ஸ் விலை கேட்டப்ப கூட எனக்கு இவ்வளவு கோவம் வரல. வைஃபை மட்டும் உள்ள ஐபேடுல, வானத்துல இருக்கிற சாட்டிலைட் சிக்னல புடிச்சு இடம் காட்டுற ஜிபிஎஸ் சிப் கிடையாது. சிம் போடுற செல்லுலார் மாடல்ல மட்டும்தான் இருக்கு. சிம் போட வேணாம், ரீசார்ஜும் வேணாம், ஆனா மாடல் அதுவா இருக்கணும். நாலு பேர் நடமாடுற சந்தையில நின்னு தப்பா சொல்லிக் குடுக்கக் கூடாதுல்ல.

ஏரிக்கரை_விடுதி:
மாமா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு. நான் யாரோ சொன்னத சொல்லல, கண்ணால பாத்தத சொல்றேன். போன மாசம் என் வைஃபை ஐபேட எடுத்துட்டு படகுல ஏரிக்கு நட்ட நடுவுல போய் மேப்ப திறந்தேன். நீலப் புள்ளி வந்துச்சு. படகு நகர நகர புள்ளியும் நகந்துச்சு. ஜிபிஎஸ் இல்லாம புள்ளி என்ன பழனி முருகன் அருளாலயா வந்துச்சு?

பழைய_மாலுமி:
அந்தப் புள்ளியோட ஜாதகத்த நான் சொல்றேன். நம்ம ஏரி நட்சத்திர வடிவம், மொத்தமே 60 ஏக்கர் சொச்சம், சுத்தி அஞ்சு கிலோமீட்டர் ரோடு, ரோடு பூரா லாட்ஜும் ஹோட்டலும். நீ நட்ட நடுவுன்னு சொல்ற இடத்துல இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை கூப்பிடு தூரம்தான். ஒவ்வொரு ஹோட்டல் ரவுட்டரும் எங்க இருக்குன்னு ஆப்பிள்காரன் முன்னாடியே கணக்கு எடுத்து வச்சிருக்கான், உன் ஐபேடு அந்த ரவுட்டர் சிக்னல மோப்பம் புடிச்சு குத்துமதிப்பா ஒரு புள்ளிய வைக்கும். அதுக்கு லொக்கேஷன்னு பேரு, ஜிபிஎஸ்னு பேரு இல்ல. இன்னொண்ணு கேக்குறேன், உன் பாக்கெட்ல ஐபோன் இருந்துச்சா இல்லையா? அதுல ஹாட்ஸ்பாட் ஆன்ல இருந்துச்சா இல்லையா? ஹாட்ஸ்பாட்ல கோத்தா ஐபோன்ல இருக்கிற ஜிபிஎஸ் இடத்த ஐபேடு கடன் வாங்கிக்கும். வேம்பநாட்டு நடுவுல எந்த லாட்ஜ்காரன் ரவுட்டர் வச்சிருக்கான்?

வட்டக்கானல்_அக்கா:
நான் கேட்டது எந்த ஆப்னு. நவியானிக்ஸா, சி-மேப்பா, வேற ஏதாவதா?

ஊட்டி_குளிரு:
60 ஏக்கர் குட்டைக்கு நேவிகேஷன் ஆப்பா? பெடல் போட்ல வழி தவறி யாராச்சும் காணாம போயிட்டாங்களா? எங்க ஊட்டி ஏரி 65 ஏக்கர், நாங்க ஒருநாளும் மேப் கேட்டதில்ல.

பழைய_மாலுமி:
ஊட்டி தம்பி, உங்க ஏரி வெள்ளைக்காரன் காலத்து கலெக்டர் சலிவன் வெட்டினப்ப எவ்வளவு இருந்துச்சு, இப்ப மிச்சம் எவ்வளவு? பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் நிக்கிற இடம் எது? ஏரியையே காணாம போக்கினவங்க வழி காணாம போறத பத்தி பேசக் கூடாது.

ஊட்டி_குளிரு:
சலிவன் 1820கள்லயே வெட்டினாரு. உங்க கலெக்டர் லெவிஞ்ச் 1863ல தான் ஓடைய மறிச்சு அணை கட்டினாரு. நாப்பது வருஷம் சீனியர் நாங்க. மரியாதையா பேசுங்க.

முத்துநகர்_மச்சான்:
அண்ணாச்சிமாரே, சண்டைய நிறுத்துங்க. அந்த லெவிஞ்ச் கொடை ஏரியில விட்ட முத படகே எங்க தூத்துக்குடியில இருந்துதான் மலையேறி வந்துச்சு, அத மறந்துட்டு பேசுதீங்க. படகப் பத்தி பேச மலைக்காரங்களுக்கு என்ன இருக்கு? எங்க மாமா இன்னைக்கும் கோயில் கோபுரத்தையும் உப்பளத்து ஓரம் இருக்கிற ஒத்தப் பனையையும் ஒரே கோட்டுல வச்சு எந்தப் பார்ல, அதான் கடலடிப் பாறைத் திட்டுல, எத்தன பாகம் ஆழம் தண்ணின்னு கண்ண மூடிட்டு சொல்வாரு. அவருக்கு ஐபேடும் இல்ல ஐப்பாடும் இல்ல.

ஏரிக்கரை_விடுதி:
உங்க மாமாவ வேம்பநாட்டுக்கு கூட்டிட்டுப் போயி விடுங்க, எந்தப் பனைய எதோட கோப்பாருன்னு பாப்போம், அங்க பூரா தென்னை. சரி விஷயத்துக்கு வரேன். ரவுட்டர் கதையெல்லாம் சரி மாமா, ஆனா புள்ளி வந்துச்சுல்ல? வந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

பழைய_மாலுமி:
புள்ளி வந்துச்சு. எங்க வந்துச்சு? உன் படகு எங்க இருந்துச்சோ அங்கயா, இல்ல ரோட்டு மேலயா? உன்கூட படகுல வந்த பையன் என்கிட்ட சொன்னான், ஒரு தடவ புள்ளி குதிச்சு போட்ஹவுஸ் பக்கம் சோளம் சுட்டு விக்கிற தள்ளுவண்டி மேல போய் உக்காந்துச்சாம், நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்களாம். இங்க அது சிரிப்பு. அங்க காயல்ல மீன்காரங்க கம்பு நட்டு வலை கட்டியிருக்கிற இடத்துல புள்ளி நூறு மீட்டர் தள்ளி உக்காந்தா ப்ரொப்பல்லர்ல வலை சுத்திக்கும், வலைக்காரன் கேக்குற காசக் குடுத்துட்டுதான் கரை ஏற முடியும்.

நான் பொழுதுபோகாம பேசல. 80கள்ல கப்பல்ல நாங்க டிரான்சிட் சாட்டிலைட் வச்சு இடம் பாத்தோம், ஒரு தடவ பாத்தா அடுத்தது கிடைக்க ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் காத்திருக்கணும். அப்புறம் ஜிபிஎஸ் வந்துச்சு, வந்தும் அமெரிக்காக்காரன் வேணும்னே நூறு மீட்டர் வரைக்கும் பிசகு வச்சிருந்தான், 2000 மே மாசம்தான் அத நிறுத்தினான். அன்னைக்கு ராத்திரி ரிசீவர்ல நம்பர் ஆடாம அசையாம நின்னத பாத்தவன் நான். இன்னைக்கு போன்லயே அஞ்சு மீட்டருக்குள்ள காட்டுது. அந்த அருமை தெரியாம ஹோட்டல் வைஃபைய மோப்பம் புடிக்கிற பலகைய ஜிபிஎஸ்னு சொன்னா வயிறு எரியாதா?

ஏரிக்கரை_விடுதி:
நீங்க கேப்டன் மாதிரி பேசுறீங்க, ஆனா கப்பல்ல ரேடியோ ஆபீசர்தானே மாமா? ஊரே கேப்டன் கேப்டன்னு கூப்பிட்டா மறுக்காம தலையாட்டிக்கிறீங்க.

பழைய_மாலுமி:
ஆமா ரேடியோ ஆபீசர்தான். மறைக்கல. கப்பல் ஆபத்துல மாட்டினா சாட்டிலைட், ரேடியோ வழியா தானா தகவல் அனுப்புற ஜிஎம்டிஎஸ்எஸ் 1999 பிப்ரவரியில முழுசா அமலுக்கு வந்து எங்க வேலைக்கே வேட்டு வச்சுச்சு. மோர்ஸ் அடிச்ச விரல் இது. அதனாலதான் சொல்றேன், சிக்னல் எங்க இருந்து வருதுன்னு கேக்க பழகு. உன் சிக்னல் வானத்துல இருந்து வரல, எதிர்த்த லாட்ஜ்ல இருந்து வருது.

அப்புறம் பேச்சு வந்ததால கேக்குறேன், போன ஐப்பசி மழைக்கு முன்னாடி என்கிட்ட வாங்கிட்டுப் போன பைனாகுலர் லென்ஸ் பூரா பூஞ்சை புடிச்சு திரும்பி வந்துச்சே, அது எந்த நீலப் புள்ளியால வந்துச்சு?

ஏரிக்கரை_விடுதி:
அது கொடை ஈரம். குடுக்கும்போதே ஓரத்துல பூஞ்சை இருந்துச்சு. அத்த கிட்ட கேளுங்க.

வட்டக்கானல்_அக்கா:
ஆப்ப பத்தி கேட்டா எல்லாரும் சேந்து எனக்கு ஆப்பு வைக்கிறீங்க. கொழுந்தனாரு சாம்சங் டேப் வச்சிருக்காரு, அதுவும் வைஃபை தான். அதுலயாவது ஜிபிஎஸ் இருக்கா?

பழைய_மாலுமி:
அக்கா, சாம்சங் டேப்ல வைஃபை மாடலா இருந்தாலும் நிறைய மாடல்ல ஜிபிஎஸ் சிப் இருக்கும். மாடல் நம்பர போட்டு ஸ்பெக்ல பாருங்க. இல்லாத ஐபேடுதான் கைல இருக்குன்னா ப்ளூடூத்ல கோக்குற தனி ஜிபிஎஸ் ரிசீவர் கிடைக்குது, கார்மின் குளோ, பேட் எல்ஃப் இப்படி. இந்தத் தம்பி சொன்ன மாதிரி "எல்லா ஐபேடுலயும்" இல்ல. எல்லா ஐபேடுலயும் இல்ல.

ஏரிக்கரை_விடுதி:
அப்போ சாம்சங்ல வைஃபை மாடல்ல இருக்கலாம், ஆப்பிள்ல மட்டும் இருக்கக் கூடாதா? இவ்வளவு காசு வாங்குறவன் அந்தச் சின்ன சிப்ப வைக்காமலா விட்டிருப்பான்? நீலப் புள்ளி வந்துச்சு. எனக்கு அது போதும்.

ஊட்டி_குளிரு:
நீலப் புள்ளி நீலகிரியில வந்திருந்தா பொருத்தமா இருந்திருக்கும். கொடையில வந்தது தப்பான புள்ளிதான் 😄

முத்துநகர்_மச்சான்:
ஒரு நியாயம் சொல்லுதேன். புள்ளி சரியா இருந்தா மட்டும் என்ன? புள்ளிக்கு கீழ இருக்கிற படம் சரியா இருக்கணும்லா? எங்க பக்கம் போட்ல எல்லாம் ஜிபிஎஸ்ஸும் ஆழம் பாக்குற எக்கோவும் இருக்கு, ஆனா பார் எங்க இருக்குங்கறது அவனவன் போட்டு வச்ச மார்க்குல தான் இருக்கு, ஆப்ல இல்ல.

பழைய_மாலுமி:
இந்தப் பையன் மொத தடவையா உருப்படியா பேசுறான். அக்கா, உங்க கேள்விக்கு வர்றேன், வராமலே போயிடுவேன்னு நினைக்காதீங்க. நவியானிக்ஸ் ஒரு காலத்துல இத்தாலிக்காரன் கம்பெனி, 2017ல கார்மின் வாங்கிட்டான், வருஷ சந்தா கட்டணும். சி-மேப்பும் அதே வகை. ஓப்பன்சிபிஎன்னு ஒண்ணு ஓப்பன் சோர்ஸ், ஆண்ட்ராய்டுல ஓடும், ஐபேடுல கிடையாது. அமெரிக்காவுல நோவாங்கற அரசாங்க ஆபீஸ் போடுற சார்ட், அதான் கடல் மேப், சும்மாவே கிடைக்கும், அதனால அங்க ஓப்பன்சிபிஎன்ன தூக்கி வச்சு கொண்டாடுறான். நம்ம சார்ட்ட போடுறது டேராடூன்ல இருக்கிற தேசிய ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ், அது சும்மா கிடைக்காது. எந்த ஆப்பா இருந்தாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி வேம்பநாட்ட நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க, தண்ணி மேல ஆழ நம்பர் இருக்கா இல்ல வெறும் நீலப் பெயிண்டான்னு. வெறும் நீலம்னா அந்த ஆப் உங்களுக்கு வேணாம். இருந்தா வீட்டு வைஃபையிலேயே அந்த ஏரியாவ இறக்கி வச்சுக்கோங்க.

ஜூம்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2014 நவம்பர்ல வால்வோ ஓஷன் ரேஸ்ல டீம் வெஸ்டாஸ் விண்ட்னு ஒரு படகு, உலகத்துலயே பெரிய ஆளுங்க ஓட்டுறது, மொரீஷியஸுக்கு வடகிழக்க ஒரு பவளத் திட்டுல ராத்திரி போய் ஏறுச்சு. ஜிபிஎஸ் கரெக்டா இருந்துச்சு. எலக்ட்ரானிக் சார்ட்ட போதுமான அளவு ஜூம் பண்ணாததால திட்டு எவ்வளவு பெருசுன்னு தெரியல. ஆளுங்க தப்பிச்சாங்க, படகு பலமா அடி வாங்குச்சு.

ஏரிக்கரை_விடுதி:
பாத்தீங்களா அக்கா, அவரே சொல்லிட்டாரு, ஜிபிஎஸ் இருந்தும் முட்டிருக்கு. அப்புறம் சிம் மாடலுக்கு எதுக்கு கூட காசு?

பழைய_மாலுமி:
ஐயோ.

வட்டக்கானல்_அக்கா:
டிசம்பர்ல வேம்பநாட்டுக் காயலுக்கு குறுக்க இருக்கிற தண்ணீர்முக்கம் தடுப்பணை ஷட்டர் இறக்கிடுவாங்களாமே, படகு தாண்ட முடியுமா? இது யாருக்காவது தெரியுமா?

முத்துநகர்_மச்சான்:
குட்டநாட்டு வயலுக்குள்ள உப்புத்தண்ணி ஏறாம இருக்கத்தான் அத இறக்குதாங்க. படகு போக லாக், அதான் படகுக்குன்னு திறந்து மூடுற கதவு இருக்கு. ஆனா கொழுந்தனாரு பாய்மரக் கம்பத்தோட உயரத்த அளந்து வச்சுக்கிட்டு அங்க போன் போட்டு கேட்டுக்கச் சொல்லுங்க அக்கா, பாலத்துக்கு கீழயும் போகணும்லா.

ஊட்டி_குளிரு:
எங்க ஊட்டி பக்கம் பைக்காரா ஏரியில ஷட்டரும் இல்ல கம்பமும் இல்ல, ஸ்பீட் போட்ல ஏறினா பத்து நிமிஷத்துல டீக்கடை. சொன்னா கேக்க மாட்டீங்க.

பழைய_மாலுமி:
இன்னொரு விஷயம் இங்க மலையில உக்காந்து சொல்றவங்களுக்கு தெரியாது. இங்க ஐபேட வெளிய வச்சா ஜில்லுனு இருக்கும். ஆலப்புழை வெயில்ல டெக் மேல அரை மணி நேரம் வச்சுப் பாருங்க. 35 டிகிரிக்கு மேல வேணாம்னு ஆப்பிள்காரனே சொல்றான், சூடு ஏறினா தெர்மாமீட்டர் படத்தப் போட்டுட்டு கருப்பாயிடும், அப்ப நீலப் புள்ளியும் இருக்காது சிவப்புப் புள்ளியும் இருக்காது. தண்ணி பட்டா தாங்கும்னு ஆப்பிள்காரன் ஐபேடுக்கு எந்த ரேட்டிங்கும் குடுக்கல. மழைத்துளி விழுந்தா அதுவே விரல்னு நினைச்சு ஸ்க்ரீன் தானா ஜூம் ஆகும். போலரைஸ்டு கண்ணாடி போட்டுட்டு பாத்தா டேப்ப ஒரு பக்கம் திருப்பினா இருட்டாயிடும். நல்ல வாட்டர்ப்ரூஃப் கவர், பவர் பேங்க், காகிதத்துல ஒரு மேப். எல்லாத்துக்கும் மேல ஜிபிஎஸ் உள்ள டேப்லெட்.

ஏரிக்கரை_விடுதி:
சுத்தி சுத்தி அங்கயே வர்றாரு. சரி, ஒரே முடிவு. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணி, போட்ஹவுஸ். என் ஐபேடு, நீங்களும் வாங்க. புள்ளி வருதா இல்லையா பாப்போம்.

பழைய_மாலுமி:
வர்றேன். ஒரு கண்டிஷன். உன் போன கரையில அக்கா கிட்ட குடுத்துட்டு படகுல ஏறணும்.

ஏரிக்கரை_விடுதி:
போன எப்படி குடுக்க முடியும்? ஞாயித்துக்கிழமை ரூம் புக்கிங் கால் வரும்.

பழைய_மாலுமி:
எல்லாரும் படிச்சீங்கல்ல? போன குடுக்க மாட்டாராம். ஹாட்ஸ்பாட் சாமி வெளிய வந்துருச்சு.

ஏரிக்கரை_விடுதி:
ஹாட்ஸ்பாட் ஆன்லதான் இருந்துச்சுன்னு நான் எங்க சொன்னேன்? கால் வரும்னு தான் சொன்னேன். புள்ளி வந்துச்சு, அவ்வளவுதான். வேணும்னா ஏர்ப்ளேன் மோட்ல போடுறேன்.

பழைய_மாலுமி:
ஏர்ப்ளேன் மோட்ல கால் எப்படிப்பா வரும்?

ஊட்டி_குளிரு:
ஞாயித்துக்கிழமை கொடையில மழைன்னு போட்டிருக்கான் 😄

வட்டக்கானல்_அக்கா:
மழைன்னா நான் வரல. மாடல் நம்பர் கொழுந்தனாரு அனுப்பிட்டாரு, கேப்டன் கொஞ்சம் பாத்து சொல்லுங்க.

ஏரிக்கரை_விடுதி:
ரேடியோ ஆபீசர்.

பழைய_மாலுமி:
அக்கா, அனுப்புங்க, பாக்குறேன். தம்பி, மழையா இருந்தாலும் ஏழு மணிக்கு நான் வருவேன். வரும்போது புது பைனாகுலர் ஒண்ணும் வாங்கிட்டு வா.