ரைவர் இல்லாத கோச்சியில (ரெயினில) ஏறின அனுபவம் ஆருக்கும் இருக்கோ?

கிளிநொச்சியான்:
இண்டைக்குக் கிளிநொச்சி ஸ்டேசனில கார்ட் பச்சைக்கொடி காட்டேக்க இது ஞாபகம் வந்தது. நான் பிறந்தது 1989இல. அடுத்த வருசம் சண்டையால யாழ்தேவிக் கோச்சி நிண்டுபோச்சு. திரும்ப எங்கட ஊருக்கு வந்தது 2013 செப்டம்பரில. இடையில எங்களுக்குக் கோச்சிப்பாதை எண்டால் ஒரு மண்மேடுதான், அதில ஆடு கட்டுவம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போட்டுது.

அப்பிடி வளந்தவன் வாழ்க்கையில முதன்முதல் கோச்சி ஏறினது லண்டனில, டி.எல்.ஆர். எண்டுற டொக்லண்ட்ஸ் லைற் ரெயில்வேயில, 2011இல. அத்தான் கொண்டுபோய் முன் சீற்றில இருத்திவிட்டார். கண்ணாடிக்கு அங்கால தண்டவாளம். ரைவர் எங்கயெண்டு கேட்டன். “1987இல தொடங்கின நாளிலயிருந்தே இல்லையடா” எண்டார். எனக்கு வயிறு கலங்கிப்போச்சு.

பிறகு பாத்தால் யூனிபோமோட ஒரு மனுசி. ஒவ்வொரு ஸ்டேசனிலயும் ஒரு வாசலில நிண்டு வெளியால எட்டிப்பாத்திட்டுத்தான் கதவைப் பூட்டுவா. ஓடுறதும் நிக்கிறதும் கொம்பியூட்டர். கதவு அவவின்ர பொறுப்பு. முந்தி அந்த வேலைக்கு ‘ரெயின் கப்டன்’ எண்டு பேராம்.

மார்கழியில ஒருநாள் ரெண்டு ஸ்டேசனுக்கு நடுவில, பாலத்துக்கு மேல நிண்டுபோச்சு. மனுசி நடந்து வந்து என்னை எழும்பச் சொன்னா. ரிக்கெற் கேக்கிறா எண்டு நான் ரிக்கெற்றுக்குப் பதிலாப் பாவிக்கிற ஒய்ஸ்டர் காட்டை நீட்டினன். சிரிச்சுப்போட்டு, எனக்கு முன்னால இருந்த மூடியைத் திறப்புப் போட்டுத் திறந்தா. உள்ளுக்க முழு ரைவர் மேசை! ரேடியோவில கதைச்சுப்போட்டு மெதுவா ஓட்டிக்கொண்டுபோய் அடுத்த ஸ்டேசனில விட்டா. மூண்டு மாசமா ரைவரின்ர இடத்தில இருந்துகொண்டே ரைவர் இல்லையெண்டு பயந்திருக்கிறன்.

மாங்குளம் அம்மா:
தம்பி, பரிஸ் மெற்றோ 14ஆம் லைனில அந்த மனுசியும் இல்லை. 1998இல தொடங்கேக்கயே அப்பிடித்தானாம். மேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதில இருக்கிற கதவும் கோச்சிக் கதவும் சேந்துதான் திறக்கும், அதால பாத்துப் பூட்ட ஆள் தேவையில்லை எண்டு மருமகன் விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கின விதம் வேற. மணி அடிச்சுது, கதவு பூட்டிச்சு, நான் உள்ளுக்க, மகள் வெளியால. ஆரைக் கூப்பிடுறது? பாசையும் தெரியாது. அடுத்த ஸ்டேசனில இறங்கிப் பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு நிண்டன். அடுத்த கோச்சியிலயே மகள் வந்திட்டாள், கொஞ்ச நேரம்தான். ஆனாலும் கால் நடுங்கினது நிக்கேல்லை. எங்கட கார்ட் எண்டால் ஏசிப்போட்டு எண்டாலும் கொடியைப் பிடிச்சு வச்சிருப்பார்.

வவுனியா பெடியன்:
அண்ணை, ஒரு ஆளைப் போடத்தான் வேணும் எண்டால் ரைவரையே போடலாம்தானே? என்ன லாபம்?

கிளிநொச்சியான்:
நானும் இதைத்தான் அத்தானிட்டக் கேட்டனான். டி.எல்.ஆர். ஸ்டேசன் கனக்கவற்றில வேலையாக்களே இல்லை, ரிக்கெற் பாக்கிற கேற்றும் இல்லை. நிலத்துக்குக் கீழ இருக்கிற ஸ்டேசனுகளிலதான் கட்டாயம் ஆள் நிக்கவேணும். மற்ற இடங்களில ரிக்கெற் பாக்கிறது, சக்கர நாற்காலியில வாறவைக்கு உதவுறது, வழி தெரியாமல் முழுசுற என்னை மாதிரி ஆக்களுக்குப் பதில் சொல்லுறது எல்லாம் அந்த ஒரு ஆள்தான். கபினுக்குள்ள இருக்கிற ரைவரால இது ஏலுமே?

முறிகண்டியான்:
உங்கட கொம்பியூட்டர் கோச்சியை இஞ்சால ஒருக்கா அனுப்பிப் பாருங்கோ. அங்க பாதைக்குள்ள ஆடு மாடு வராது. எங்கட பக்கம் பின்னேரத்தில தண்டவாளத்திலதான் மாடு படுத்திருக்கும். போன மாரிக்கு நான் வந்த கோச்சி மாங்குளம் தாண்டி நிண்டுபோச்சு. ரைவர் ஹோன் அடிச்சு அடிச்சுக் களைச்சுப்போனார், அசிஸ்ரன்ற் தடியோட இறங்கினார், நாங்கள் நாலஞ்சு பேரும் இறங்கினம். மாடெல்லாம் எழும்பிப் போட்டுது, ஒரு கண்டு மட்டும் அசையேல்லை. கார்ட் கடைசிப் பெட்டியிலயிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து, ஒரு கதையும் இல்லை, கண்டைத் தூக்கி அங்கால விட்டிட்டுத் திரும்ப ஓடினார். வெள்ளை யூனிபோம் முழுக்கச் சேறு.